கொளுக்கி இடம் மாறிய கதை

1910ஆம் ஆண்டு மார்ச் மாதம். டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில், சாம் ஹூஸ்டன் கோட்டை மைதானத்தில் ஒரு விமானம் நின்றது. அமெரிக்க இராணுவத்திடம் அப்போது இருந்தது அந்த ஒன்றுதான். அதை ஓட்ட நியமிக்கப்பட்ட லெப்டினன்ட் பெஞ்சமின் ஃபுலோய்ஸ் அதுவரை தனியாகப் பறந்ததே இல்லை. பறந்து பார்ப்பார். எங்கே பிசகியது என்று ரைட் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதுவார். பதில் தபாலில் வரும். அதை வாசித்துவிட்டு மறுபடி ஏறுவார். பராமரிப்புக்கு இராணுவம் ஒதுக்கிய 150 டொலர் தீர்ந்ததும் சொந்தப் பணத்தில் கைவைத்தார். அந்த விமானத்துக்குக் கூடு கிடையாது. கீழ்ச் சிறகின் விளிம்பில் ஓர் இருக்கை மட்டுமே. காலைத் தொங்கப்போட்டு, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். அப்படி ஒருமுறை தரையிறங்கும்போது விமானம் துள்ளியதில், ஃபுலோய்ஸ் இருக்கையை விட்டுத் தூக்கியெறியப்படாமல் மயிரிழையில் தப்பினார். அடுத்து அவர் தேடிப் போனது விமானப் பொறியியலாளர் எவரையும் அல்ல, குதிரைச் சேணம் தைப்பவரை.

அங்கே நான்கடி நீளத்தில் ஒரு தோல் பட்டி கிடைத்தது. அதைச் சுற்றித் தன்னை இருக்கையோடு கட்டிக்கொண்டு ஃபுலோய்ஸ் மறுபடி பறந்தார். ஆள் கீழே விழாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் அந்தப் பட்டியின் வேலை. விமானம் மோதினால் உடலுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அன்றைக்கு எழவில்லை. மற்ற விமானிகளும் பட்டி கட்டத் தொடங்கினார்கள். பட்டி அகலமானது. அதைப் பூட்ட வயிற்றின் நடுவே ஓர் இரும்புக் கொளுக்கி வந்து உட்கார்ந்தது. அந்த இரும்பு என்ன செய்யும் என்பது 1917இல் தெரியவந்தது.

முதல் உலகப் போர்க் காலம். பிரித்தானியாவின் றோயல் பிளையிங் கோரில் பயிற்சி விமானியாகச் சேர்ந்திருந்தார் ஹியூ டிஹேவன் என்ற அமெரிக்க இளைஞர். நடுவானில் அவருடைய விமானமும் இன்னொன்றும் மோதின. டிஹேவன் பிழைத்தார், ஆனால் ஈரல், கணையம், பித்தப்பை எல்லாம் சிதைந்திருந்தன. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்தது அதிர்ஷ்டம் என்றே எல்லோரும் சொன்னார்கள். அவர் மனம் அதை ஏற்கவில்லை. காயங்களின் இடத்தை எண்ணிப் பார்த்தார். தன்னைக் காப்பாற்றியது, தான் இருந்த கூடு நசுங்காமல் நின்றதுதான். தன் வயிற்றைக் கிழித்தது, காப்பாற்றுவதற்கென்று கட்டியிருந்த பட்டியின் கொளுக்கி. இந்த இரண்டையும் சேர்த்து அவர் சொன்னபோது செவிகொடுக்க ஆளில்லை. கேள்வியோ அவரை இருபது ஆண்டுகளுக்கு மேல் விடவில்லை.

அவர் முட்டைகளை உயரத்திலிருந்து ரப்பர் மெத்தையின் மேல் போட்டுப் பார்த்தார். மாடியிலிருந்து விழுந்தும் சாகாமல் தப்பியவர்களைப் பற்றிய செய்திகளைத் தேடித் திரட்டினார். 1942இல், 50 அடி முதல் 150 அடி வரையான உயரங்களிலிருந்து விழுந்து பிழைத்தவர்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு வெளியானது. அடியின் வேகத்தைவிட, அந்த அடி உடலின் எவ்வளவு பரப்பில் பகிரப்படுகிறது, நிற்பதற்கு எத்தனை அங்குலம் கிடைக்கிறது என்பதுதான் ஆளின் உயிரைத் தீர்மானிக்கிறது என்று அதில் காட்டினார். இனி வரப்போகும் எல்லாவற்றுக்கும் அதுதான் வித்து. ஆனால் அந்த ஆண்டில் உலகத்தின் கவனம் முழுவதும் போரில் இருந்தது. போர் திருகோணமலைக்கும் வந்தது.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. சீனன்குடா விமானத்தளத்திலிருந்து பிரித்தானியாவின் 261ஆவது அணியின் ஹரிக்கேன் விமானங்கள் எதிர்த்தெழுந்தன. அவற்றில் ஏறிய விமானிகள் தோளிலிருந்தும் தொடையிலிருந்தும் வரும் நான்கு பட்டிகளை நெஞ்சருகே ஒன்றாகப் பூட்டியிருந்தார்கள். பிரித்தானியப் போர் விமானங்களில் அது வழக்கமாகியிருந்தது. ஆக, இந்தப் பட்டி திருகோணமலைக்கு முதலில் வந்தது வீதி வழியாக அல்ல, வானத்து வழியாக. துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் கிடந்த ஈச்சிலம்பற்றில் அன்று மாட்டு வண்டிப் பாதைகள் இருந்தன, ஆறுகளைக் கடக்கத் தோணிகள் இருந்தன. வானத்திலிருந்த பட்டி அந்த மண் பாதைக்கு இறங்கி வர இன்னும் எழுபது ஆண்டு ஆகும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

தரையில் முதல் முயற்சி படுதோல்வி. 1949இல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் தன் கார்களில் இடுப்புப் பட்டி பொருத்தி விற்றது. வாங்கியவர்கள் பலர் வண்டியைக் கடைக்கே கொண்டுபோய், அதைக் கழற்றித் தரச் சொன்னார்கள். பட்டி இருந்தால் அந்தக் கார் ஆபத்தானதோ என்ற ஐயம் வந்துவிட்டது. 1956இல் ஃபோர்ட் நிறுவனம் பாதுகாப்பையே விளம்பரமாக்கிப் பார்த்தது. அந்த ஆண்டு விற்பனையில் செவ்ரலே முந்திக்கொண்டதும், பாதுகாப்பைச் சொன்னால் கார் விற்காது என்ற பேச்சு கார்க் கம்பனிகளின் நகரான டெட்ராய்ட்டில் நிலைத்துவிட்டது. கார்க் கம்பனிகள் கைவிட்ட கேள்வியை, கட்டிய உடல் எவ்வளவு தாங்கும் என்பதை, அதற்கு முன்பே ஓர் இராணுவ வைத்தியர் தன் உடம்பிலேயே சோதித்திருந்தார்.

அவர் அமெரிக்க விமானப்படையின் ஜோன் போல் ஸ்டாப். 1954 டிசம்பர் 10ஆம் திகதி நியூ மெக்சிகோ பாலைவனத்தில், தண்டவாளத்தில் ஓடும் ரொக்கெட் வண்டி ஒன்றில் தன்னைப் பட்டிகளால் இறுகக் கட்டச் சொன்னார். வண்டி மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. பிறகு 1.4 விநாடியில் நின்றது. அவருடைய உடல் எடையைப்போல் 46 மடங்கு விசை அவர்மேல் இறங்கியது. கண்களில் இரத்தம் கட்டிப் பார்வை போனது. ஆனால் அவர் உயிரோடு இருந்தார், பார்வையும் திரும்பியது. மனித உடல் இவ்வளவு தாங்கும், சரியாகக் கட்டியிருந்தால் தாங்கும் என்பதற்கு அவரே சாட்சியானார். அதற்குப் பிறகு ஸ்டாப் போகுமிடமெல்லாம் சொன்ன விஷயம் அதிகாரிகளைச் சங்கடப்படுத்தியது: விமானப்படை தன் ஆட்களை விமான விபத்துகளைவிடக் கார் விபத்துகளில் அதிகம் இழந்துகொண்டிருந்தது.

டிஹேவனும் சும்மா இருக்கவில்லை. ரோஜர் கிரிஸ்வொல்ட் என்பவரோடு சேர்ந்து தோளையும் இடுப்பையும் ஒருசேரப் பிடிக்கும் ஒரு பட்டியை வடிவமைத்து, 1955இல் காப்புரிமை பெற்றார். யோசனை அருமையானது. ஆனால் இரண்டு பட்டிகளும் சந்திக்கும் கொளுக்கி எங்கே இருந்தது? மறுபடியும் வயிற்றின் மேலேயே. எந்த இரும்பு அவரை 1917இல் கிழித்ததோ, அது அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. இந்தக் கதை முழுவதிலும் என்னை மிகவும் உலுக்குவது இந்தத் திருப்பம்தான். அவ்வளவு யோசித்த மனிதர் விடைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டார். அந்த ஒரு சாணைக் கடந்தவர் சுவீடனில் வேறொரு வேலையில் இருந்தார்.

அவருடைய வேலை, ஆளை விமானத்துக்கு வெளியே வீசுவது. சாப் நிறுவனத்தில் நில்ஸ் போலின், ஆபத்தின்போது விமானியை இருக்கையோடு வெளியேற்றும் கருவிகளை உருவாக்கிக்கொண்டிருந்தார். வொல்வோ கார் நிறுவனத்தின் தலைவர் குன்னார் எங்கெலாவுக்கோ அப்போது சொந்தத் துயரம் ஒன்று இருந்தது. உறவினர் ஒருவரைக் கார் விபத்தில் பறிகொடுத்திருந்தார். வொல்வோ கார்களில் நெஞ்சைக் குறுக்காகக் கடக்கும் ஒற்றைப் பட்டி அதற்கு முன்பே வந்திருந்தது. மோதலில் உடல் அதற்குக் கீழே வழுக்கிப் போனது. கொளுக்கி விலாப்பக்கத்தில் இருந்ததால் விலாவுக்கும் உள்ளுறுப்புகளுக்கும் ஆபத்து. 1958இல் எங்கெலா 38 வயதான போலினை அழைத்துவந்து, பாதுகாப்புப் பொறியியலாளர் என்ற புதிய பதவியில் அமர்த்தினார். ஆளை வெளியே வீசத் தெரிந்தவரிடம் உள்ளே பிடித்துவைக்கும் வேலை கொடுக்கப்பட்டது.

போலினுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது. போர் விமானி உயிர்தப்ப எத்தனை பட்டி வேண்டுமானாலும் கட்டிக்கொள்வார். காரில் போகிறவர் ஒரு நிமிட அசௌகரியத்தைக்கூடப் பொறுக்க மாட்டார். ஆகவே, ஒரே கையால் ஒரே இழுப்பில் பூட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் விடை கிடைத்தது. ஒரே பட்டி தோளிலிருந்து இறங்கி நெஞ்சுக் கூட்டைக் கடந்து, திரும்பி, இடுப்பெலும்பின் மேல் படிந்து செல்லும். வயிற்றைத் தொடாது. உடலில் அடி தாங்க வல்ல இரண்டு இடங்கள் நெஞ்சுக் கூடும் இடுப்பெலும்பும்தான். விசை அந்த இரண்டிலும் பரவும். பட்டியின் இரண்டு பகுதியும் சந்திக்கும் இடமோ உடலின் மேல் அல்ல, இருக்கைக்குப் பக்கத்தில், இடுப்புக்குக் கீழே, வண்டியின் உடலோடு பிணைக்கப்பட்ட ஒரு புள்ளியில். கொளுக்கி வயிற்றிலிருந்து பக்கவாட்டுக்கு நகர்ந்துவிட்டது. அவ்வளவுதான் மாற்றம். அந்த மாற்றத்துக்கு 1910இலிருந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆனது.

1959 ஓகஸ்ட் 13ஆம் திகதி, தெற்கு சுவீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் நகரில் ஒரு விற்பனையாளரிடம் வந்து இறங்கியது ஒரு வொல்வோ பிவி 544. இன்று உலகின் எந்தக் காரில் ஏறினாலும் கதவோரத்தில் தொங்கும் ஆசனப்பட்டி, வழமையான உபகரணமாக முதன்முதலில் விற்பனைக்கு வந்த கார் அதுதான். அதன் காப்புரிமை வொல்வோவிடம் இருந்தது. ஒவ்வொரு கார்க் கம்பனியிடமும் பணம் வாங்கியிருக்கலாம். நிறுவனம் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டது. எவரும் காசு கொடுக்காமல் அதே வடிவத்தைப் பயன்படுத்தலாம் என்றது. ஒரு நிறுவனத்தைப் பற்றி நெஞ்சாரப் புகழ்ந்து எழுதக் கிடைக்கும் சந்தர்ப்பங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று. ஆனால் இலவசமாகக் கொடுத்தபோதும் வாங்கிக்கொள்ள உலகம் அவசரப்படவில்லை.

சான்று வேண்டும் என்றார்கள். போலின் சுவீடனில் நடந்த 28,000 விபத்துகளின் விவரங்களைத் திரட்டி, 1967இல் அமெரிக்காவில் சமர்ப்பித்தார். அவர் சமர்ப்பித்த மேடை, ரொக்கெட் வண்டி ஸ்டாப்பின் பெயரால் நடக்கும் மோதல் ஆய்வு மாநாடு. பட்டி அணியாதவர்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்து மோதலிலும் இறந்திருந்தார்கள். அணிந்தவர்களில் 95 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே ஒருவர்கூட இறக்கவில்லை. கணக்கு தெளிவாக இருந்தது. இனிமேல் எல்லோரும் கட்டுவார்கள் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள்.

கட்டவில்லை. கருவி தயாராகிவிட்டது, கை நீளவில்லை. அப்போதுதான் சட்டமும் தண்டப்பணமும் கதைக்குள் வந்தன. 1969இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1,034 பேர் வீதிகளில் இறந்தார்கள். மெல்பேர்ன் நாளேடு ஒன்று அந்த எண்ணையே எதிரியாக அறிவித்து 1970இல் இயக்கம் தொடங்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 22ஆம் திகதி விக்டோரியாவில் பட்டி அணிவது கட்டாயமாகியது. உலகில் இப்படி முந்திக்கொண்ட அரசுகள் மிகச் சில. அடுத்து அமெரிக்கா வேறு வழியில் போய் வழுக்கி விழுந்தது. 1974ஆம் ஆண்டு மொடல் கார்கள், பட்டி பூட்டாவிட்டால் இயந்திரமே கிளம்பாதபடி வந்தன. மக்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் காங்கிரஸ் அந்த ஏற்பாட்டையே சட்டம் போட்டு நீக்கியது. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் மசோதாக்கள் வருவதும் தோற்பதுமாக ஆண்டுகள் கழிந்தன. கடைசியில் 1983 ஜனவரி 31ஆம் திகதி முன் ஆசனங்களுக்கு மட்டும் விதி வந்தது. மீறினால் 50 பவுண் வரை தண்டம். பின் ஆசனத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு அங்கே 1991 வரை விதி இல்லை.

பின் ஆசனம் என்பது இந்தக் கதையில் எப்போதும் கடைசியாக நினைவுக்கு வருகிற இடம். அந்தக் கடைசி இடம்தான் ஈச்சிலம்பற்றுக்கு மிகவும் பொருந்தும்.

இலங்கையில் மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டினது. அதன்கீழ், சாரதியும் முன் ஆசனத்தில் இருப்பவரும் பட்டி அணிவது 2011 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் கட்டாயமாகியது. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 27ஆம் திகதி, நாட்டின் முதலாவது அதிவேக நெடுஞ்சாலை கொட்டாவைக்கும் காலிக்கும் இடையே திறக்கப்பட்டது. தெற்கில் வேகமும் பட்டியும் ஒன்றாக வந்தன. கிழக்கில் அந்த வேகம் வேறு விதமாக வந்தது.

மட்டக்களப்பையும் திருகோணமலையையும் கரையோரமாக இணைக்கும் ஏ15 வீதி, நெடுங்காலம் வீதியாக இருந்ததைவிடக் காத்திருப்பாகவே இருந்தது. மகாவலி கடலில் கலக்கும் கிளைகள் ஒவ்வொன்றும் குறுக்கே வரும். வெருகலில் இறங்கிப் படகுப் பாதையில் ஏற வேண்டும், இறால்குழியில், கங்கையில், கிண்ணியாவில் மறுபடி ஏற வேண்டும். மோதிச் சாகும் வேகத்துக்கு அங்கே வழியே இல்லை. 2004இல் கடல் வந்து அடித்துப் போனது. 2006இல் மாவிலாற்றில் மூண்ட சண்டை, ஈச்சிலம்பற்று மக்களை வெருகல் ஆற்றுக்கு அப்பால் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் விரட்டியது. அவர்கள் திரும்பி வந்து வீடு கட்டத் தொடங்கிய காலத்தில், 2009 ஒக்டோபரில், கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. தொடர்ந்து பிரான்ஸின் நிதியில் வெருகல் உட்பட மற்றப் பாலங்களும் எழுந்தன. வீதிக்குக் காபட் போட்டார்கள். பாலம் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டது நிறைவேறியது. அதோடு, யாரும் கேட்காத ஒன்றும் வந்து சேர்ந்தது.

காபட் வீதியில் வான் மணிக்கு 80 போகும். இரவில் அதே வீதியின் சூட்டுக்கு மாடுகள் வந்து படுக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதி நிற்பது, 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு தென்னை உச்சியிலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். சாரதி பட்டி கட்டியிருப்பார், ஏனென்றால் பொலிஸ் பார்ப்பது அவரைத்தான். பிடிபட்டால் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டச் சீட்டைக் கொடுப்பார்கள். நெடுங்காலமாக, 14 நாளுக்குள் தபால் கந்தோரில் காசு கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டித்தான் அதைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. கூலி வேலை செய்யும் ஊரில் அந்த அலைச்சலே பெரிய தண்டனையாக இருந்தது, ஆகவே முன் ஆசனத்தில் விதி ஓரளவு வேலை செய்தது. பின்னால் இருப்பவர்களிடம் யாரும் கேட்பதில்லை. மூதூருக்கோ திருகோணமலைக்கோ ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணியும், மடியில் பிள்ளையை வைத்த தாயும் அங்கேதான் இருப்பார்கள். மோதலில் அவர்களின் உடல் பழைய வேகத்திலேயே முன்னோக்கிப் போய், முன்னால் பட்டி கட்டி இருப்பவரின் முதுகில் மோதும். இது வெறும் கணக்கல்ல என்பதை 2022இல் இந்தியா அதிர்ச்சியோடு பார்த்தது.

அந்த ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி, மும்பைக்குப் போகும் நெடுஞ்சாலையில் பால்கர் அருகே ஒரு கார் பாலத்துச் சுவரில் மோதியது. பின் ஆசனத்தில் பட்டி கட்டாமல் இருந்த டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரியும் இன்னொருவரும் இறந்தார்கள். முன் ஆசனத்தில் இருந்த இருவரும் காயங்களோடு பிழைத்தார்கள். அதற்குப் பிறகே, பின் ஆசனத்துக்கும் விதி ஏற்கெனவே இருந்தது பலருக்குத் தெரியவந்தது. தண்டமும் 2019இலேயே 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருந்தது. விதி ஏட்டிலேயே தூங்கியிருந்தது.

இலங்கையில் விழிப்பு 2025இல் வந்தது, அதுவும் சாவுகளின் வழியாகவே. மே மாதம் கொத்மலை, கெரண்டி எல்ல பகுதியில் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜூலை 1ஆம் திகதி முதல் பஸ் சாரதிகளுக்குப் பட்டி கட்டாயமாகியது. அதிவேக நெடுஞ்சாலைகளில் செல்லும் வாகனங்களில் பின் ஆசனத்தில் இருப்போரும் அணிய வேண்டும் என்ற அறிவிப்பும் அந்த ஆண்டிலேயே வந்தது. நல்ல முடிவு, தாமதமானாலும் நல்லது. ஆனால் அதிவேக நெடுஞ்சாலை ஒன்றுகூடக் கிழக்கு மாகாணத்தில் இல்லை. ஏ15இல் பின் ஆசனத்தில் இருக்கும் ஈச்சிலம்பற்றுத் தாய்க்கு அந்த அறிவிப்பு எதையும் கட்டாயமாக்கவில்லை. மாடு படுத்திருக்கும் வீதியில் 80இல் போகிறவருக்கு, வேலி போட்ட நெடுஞ்சாலையில் போகிறவரைவிடப் பாதுகாப்புக் குறைவாகத் தேவை என்று யார் கணக்குப் போட்டார்கள்? வர்த்தமானியில் இன்னொரு வரி வேண்டும், அது சீக்கிரம் வேண்டும்.

இவ்வளவுக்கும் பட்டி அங்கே இல்லாமல் இல்லை. ஜப்பானிலிருந்து வந்த டொல்பின் வான்கள் பலவற்றில் பின் ஆசனங்களுக்கும் பட்டிகள் பொருத்தப்பட்டே வந்தன. இங்கே வந்ததும் ஆசனங்களுக்கு உறை போட்டார்கள். கொளுக்கிகள் உறைக்கு அடியில் போய்விட்டன. அவை இன்னும் அங்கேயே இருக்கின்றன. உறை தைக்கும் கடையில் ஒவ்வோர் ஆசனத்துக்கும் இரண்டங்குலம் கத்தரித்து ஓரம் அடித்தால் கொளுக்கி மேலே வந்துவிடும், அரை மணித்தியால வேலை. வெருகல் சித்திரவேலாயுதர் கோயில் திருவிழாவுக்குச் சனம் ஏற்றப் புறப்படுமுன் வான்காரர்கள் அதைச் செய்து முடிக்கலாம். அதற்கு எந்த வர்த்தமானியும் தேவையில்லை.